ஒப்ஷன் விற்பதில் உள்ள இடர்நேர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஐக்கிய அமெரிக்கப் பங்குகளின் மீது ஒப்ஷன் விற்று மாதாமாதம் வருமானம் பெறலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகின்றனர். சிலருக்கு அந்த எண்ணம் தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து வந்தது. வேறு சிலருக்கு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் சொல்லி வந்தது. உயர்தர வகுப்புகளுக்குக் கணக்கியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், இந்த வியாபாரத்தைச் சிறிய அளவில் செய்து பார்த்தவன் என்ற முறையிலும், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெயர் சொல்லாத பங்குகளின் விலைகளும் வெங்காய விலையும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை; பெயரும் ஆண்டும் சொல்லப்பட்டவை உண்மையில் நடந்தவை.

ஒப்ஷன் என்பது என்ன? அதை விற்பவர் எதை விற்கிறார்?

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் தோட்டக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் கிலோ 250 ரூபாய் விற்கும் நாளில் வியாபாரி ஒருவர் அவரிடம் வந்து, "இரண்டு மாதத்துக்குள் நான் எப்போது கேட்டாலும் 1,000 கிலோவைக் கிலோ 300 ரூபாய்க்குத் தரவேண்டும், கேட்பதும் கேளாமல் விடுவதும் என் விருப்பம், அந்த விருப்பத்துக்காகக் கிலோவுக்கு 20 ரூபாய் இப்போதே தருகிறேன்" என்கிறார். தோட்டக்காரர் சம்மதித்து 20,000 ரூபாயை வாங்கிக்கொண்டால் அவர் ஒரு கோல் ஒப்ஷனை விற்றுவிட்டார். காணிக்குக் கொடுக்கும் அச்சாரம்போல இது தோன்றலாம்; ஆனால் அச்சாரம் பின்னர் விலையில் கழிக்கப்படும், இந்தப் பணம் கழிக்கப்படாது.

இதையே மறுபக்கமாகவும் செய்யலாம். விலை விழுந்துவிடும் என்று அஞ்சும் தோட்டக்காரர் வியாபாரியிடம் கிலோவுக்கு 10 ரூபாய் கொடுத்து, "இரண்டு மாதத்துக்குள் நான் கொண்டுவந்தால் கிலோ 200 ரூபாய்க்கு நீங்கள் வாங்கவேண்டும்" என்று உறுதி பெற்றால், அந்த வியாபாரி புட் ஒப்ஷனை விற்றவர் ஆகிறார்.

முன்கூட்டிப் பெறும் தொகையைப் பிறிமியம் என்றும், பேசி முடித்த விலையை ஒப்பந்த விலை என்றும், கெடு முடியும் நாளை முடிவுத் திகதி என்றும் இந்தப் பக்கத்தில் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் சிக்காகோ ஒப்ஷன் சந்தை 1973 ஏப்ரல் 26 அன்று 16 நிறுவனங்களின் கோல் ஒப்ஷன்களோடு தொடங்கியது. புட் ஒப்ஷன்கள் 1977 இல்தான் அங்கே வந்தன. அங்கு ஓர் ஒப்பந்தம் வழமையாக 100 பங்குகளைக் குறிக்கும். இந்தப் பெருக்கத்தை மறந்துவிட்டு 1 டொலர் பிறிமியத்தை 1 டொலராகவே எண்ணும் புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்குபவரின் இடரும் விற்பவரின் இடரும் ஏன் வேறுபடுகின்றன?

வாங்குபவர் பெறுவது உரிமை, விற்பவர் ஏற்பது கடப்பாடு. வெங்காய வியாபாரிக்கு ஆகக்கூடிய நட்டம் அவர் கொடுத்த 20,000 ரூபாய். விலை அவருக்குச் சாதகமாக வராவிட்டால் அவர் பேசாமல் இருந்துவிடுவார். விற்பவருக்கு ஆகக்கூடிய இலாபம் அதே 20,000 ரூபாய். அவருடைய நட்டத்துக்கு அந்த எல்லை கிடையாது.

அந்தத் தோட்டக்காரரிடம் வெங்காயம் கட்டிக் கிடக்கிறது என்றால் பெரிய தீங்கு இல்லை. கார்த்திகை மழையில் பயிர்கள் அழுகி, கிலோ 700 ரூபாய்க்கு ஏறினாலும், அவர் தம்மிடம் உள்ளதை 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, கிடைத்திருக்கக்கூடிய பணத்தை எண்ணிக் கவலைப்படுவார், அவ்வளவுதான். ஒரு கிலோ வெங்காயமும் இல்லாத ஒருவர், விலை ஏறாது என்ற நம்பிக்கையில் அதே வாக்கைக் கொடுத்து 20,000 ரூபாயை வாங்கியிருந்தால், அவர் சந்தையில் 700 ரூபாய்க்கு வாங்கி 300 ரூபாய்க்குக் கொடுக்கவேண்டும். பெற்றதைக் கழித்த பிறகும் 3,80,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். கையில் பங்கு இல்லாமல் கோல் விற்பதன் முழு இயல்பும் இதுதான். பங்கின் விலைக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் இந்த நட்டத்துக்கும் உச்சவரம்பு இல்லை.

ஒரு நிறுவனத்தின் பங்கு சில நாளில் அப்படி ஏறுமா? இது புத்தகக் கணக்குத்தானே?

2021 ஜனவரி 12 அன்று கேம்ஸ்டொப் என்ற அமெரிக்கச் சில்லறை வியாபார நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 20 டொலரில் முடிவடைந்தது. அன்று ஒருவர், 30 டொலர் வெகு தொலைவில் இருக்கிறது என்று எண்ணி, அந்த ஒப்பந்த விலையில், அதே மாதம் 29 ஆம் திகதி முடியும் கோல் ஒன்றைப் பங்கு இல்லாமல் விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். 28 ஆம் திகதி பங்கு ஒரு கட்டத்தில் 483 டொலரைத் தொட்டது. 29 ஆம் திகதி 325 டொலரில் முடிந்தது. ஒரே ஒப்பந்தத்தில் 29,500 டொலர் நட்டம். அதிலிருந்து கழிப்பதற்கு அவர் பெற்ற சிறிய பிறிமியம் மட்டும். 2022 இல் அந்தப் பங்குகள் ஒன்று நான்காகப் பிரிக்கப்பட்டதால், இன்றைய விலை வரைபடத்தில் இந்த எண்கள் நான்கில் ஒன்றாகத் தெரியும். சரிபார்க்க விரும்புபவர்கள் அதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

புட் விற்பதில் நட்டத்துக்கு எல்லை உண்டல்லவா?

உண்டு. பங்கு பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். 50 டொலர் விற்கும் பங்கின் மீது, ஒப்பந்த விலை 45 டொலரில் ஒரு புட்டை 1 டொலர் பிறிமியத்துக்கு விற்றால் கையில் வருவது 100 டொலர். தலையில் ஏறுவது 4,500 டொலருக்குப் பங்கு வாங்கும் கடப்பாடு. பங்கு 30 டொலருக்கு விழுந்தால் நட்டம் 1,400 டொலர். நிறுவனம் முழுவதும் கவிழ்ந்தால் 4,400 டொலர்.

இங்கே ஒரு சிறிய பெருக்கலைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் இப்படி ஒரு புட் விற்று, ஒன்பது மாதம் 100 டொலராக 900 டொலர் பெற்று, பத்தாவது மாதம் 1,400 டொலர் இழந்தால், பத்து மாதத்தில் ஒன்பது மாதம் வென்றவர் 500 டொலர் நட்டத்தில் நிற்கிறார். காணொளிகளில் "வெற்றி வீதம் 90" என்று சொல்லப்படும்போது பொய் சொல்லப்படுவதில்லை. அந்த எண் இங்கே எதையும் தெரிவிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. வெல்லும்போது எவ்வளவு, தோற்கும்போது எவ்வளவு என்ற இரண்டும் சேராமல் வெற்றி வீதத்துக்குப் பொருள் இல்லை.

அப்படியானால் ஒப்ஷன் விற்பவர்கள் எல்லோரும் முட்டாள்களா?

இல்லை. ஒப்ஷனின் விலையில், பங்கு எவ்வளவு தளம்பும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. அமெரிக்கப் பங்குச் சுட்டெண்களில் நீண்ட காலச் சராசரியாகப் பார்த்தால், எதிர்பார்க்கப்பட்ட தளம்பல் உண்மையில் நடந்த தளம்பலைவிடச் சற்று அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. அதாவது பயந்தவர்கள் பாதுகாப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் விற்பவருக்குச் சேர்கிறது. காப்புறுதிக் கொம்பனிகள் நடப்பதும் இப்படித்தான்.

ஆனால் காப்புறுதிக் கொம்பனி ஆயிரக்கணக்கான வீடுகளைக் காப்புறுதி செய்கிறது. நல்லூரில் ஒரு வீடு தீப்பிடித்தால் சாவகச்சேரியில் இன்னொரு வீடு தீப்பிடிப்பதில்லை. பங்குகள் அப்படிப்பட்டவை அல்ல. பத்து வெவ்வேறு நிறுவனங்களின் மீது பத்துப் புட் விற்றவர் தமது இடரைப் பரப்பிவிட்டதாக நினைக்கிறார். 2020 மார்ச்சில் நடந்ததுபோலச் சந்தை முழுவதும் விழும்போது பத்தும் ஒரே நாளில் விழுகின்றன. அந்த மாதத்தில் 9, 12, 16, 18 ஆம் திகதிகளில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அன்ட் பி 500 பங்குச் சுட்டெண் 7 வீதம் விழுந்து, அமெரிக்கச் சந்தை முழுவதும் 15 நிமிடம் நிறுத்தப்பட்டது. எல்லா வீடுகளும் ஒரே இரவில் எரியும் ஊரில் காப்புறுதி விற்பதற்கு எவ்வளவு முதல் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு அதற்குப் போதாது என்பது விளங்கும். பிறிமியத்தை வருமானம் என்று எழுதாமல், இன்னும் தீராத பொறுப்பு ஒன்றுக்காக முன்கூட்டிப் பெற்ற பணம் என்று கணக்குப் புத்தகத்தின் பொறுப்புப் பக்கத்தில் எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தரகர் முழுப் பணத்தையும் கேட்பதில்லையே. சிறிய மாஜின் போதும் என்கிறாரே?

மாஜின் என்பது, விற்பவர் தம் கடப்பாட்டுக்கு ஈடாகக் கணக்கில் வைத்திருக்கும்படி தரகர் கேட்கும் பணம். இந்தத் துறையில் அதிகமான கணக்குகளை அழித்தது இந்தச் சலுகைதான் என்பது என் எண்ணம். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பங்கு ஒப்ஷனைக் காப்பு இல்லாமல், அதாவது அதற்குரிய பங்கையோ முழுப் பணத்தையோ வைத்துக்கொள்ளாமல், விற்பவரிடம் கேட்கப்படும் ஆகக் குறைந்த மாஜின் பொதுவாக இப்படிக் கணக்கிடப்படுகிறது: ஒப்ஷனின் அன்றைய விலை, அதோடு பங்கின் விலையில் 20 வீதம், அதிலிருந்து ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையே விற்பவருக்குச் சாதகமாக உள்ள தூரம் கழிக்கப்படும். இதற்குக் கீழெல்லை ஒன்றும் உண்டு. தரகர் தம் விருப்பப்படி கூடவும் கேட்கலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பங்கு 50, ஒப்பந்த விலை 45, பிறிமியம் 1. அப்படியானால் 1 உம் 10 உம் கூட்டி 5 ஐக் கழிக்க, பங்கொன்றுக்கு 6 டொலர். ஒப்பந்தத்துக்கு 600 டொலர்.

ஆகவே 4,500 டொலர் வைத்திருப்பவர் ஓர் ஒப்பந்தத்தை விற்று நிம்மதியாக இருப்பதற்குப் பதிலாக ஏழு ஒப்பந்தங்களை விற்கலாம். கணினித் திரை அதைத் தடுக்காது. அவர் 700 டொலர் பெறுகிறார். 31,500 டொலருக்குப் பங்கு வாங்கும் கடப்பாட்டை ஏற்கிறார்.

இப்போது பங்கு 20 வீதம் விழுந்து 40 டொலருக்கு வருகிறது என்று வையுங்கள். பங்குச் சந்தையில் இது அதிசயம் அன்று. புட்டின் விலை 6.50 டொலராக ஏறுகிறது என்றால், பங்கொன்றுக்கான மாஜின் இப்போது 6.50 உம் 8 உம் கூடி 14.50 டொலர், கழிப்பதற்கு இடைவெளி ஏதும் மிஞ்சவில்லை. ஏழு ஒப்பந்தங்களுக்கு 10,150 டொலர் வேண்டும். கணக்கில் பிறிமியத்தோடு சேர்த்து இருப்பது 5,200 டொலர். மிகுதி 4,950 டொலரை உடனே கொண்டுவரும்படி அறிவித்தல் வரும். வராவிட்டால், சில வேளைகளில் அந்த அவகாசமும் தராமலே, தரகர் ஒப்ஷன்களைத் திருப்பி வாங்கிக் கணக்கை மூடுவார். ஏழையும் 6.50 டொலருக்குத் திருப்பி வாங்கினால் 3,850 டொலர் நட்டம். அடுத்த கிழமை பங்கு திரும்பவும் 48 டொலருக்கு ஏறினாலும் அது அவருக்கு உதவாது. ஒரே ஒப்பந்தத்தோடு நின்றவருக்கோ அதே நாளில் ஏட்டளவில் 550 டொலர் நட்டம். பங்கு ஏறும்வரை காத்திருக்க அவருக்கு வசதி இருந்திருக்கும். இருவரும் ஒரே பங்கையே தேர்ந்தெடுத்தார்கள், ஒரே கருத்தையே வைத்திருந்தார்கள்.

கவனிக்கவேண்டியது இன்னொன்று: பங்கு விழாமலே மாஜின் கூடலாம். சந்தையில் பயம் ஏறினால் எதிர்பார்க்கப்படும் தளம்பல் ஏறும்; அதனோடு ஒப்ஷனின் விலையும் ஏறும். 2018 பெப்ரவரி 5 அன்று அமெரிக்கப் பங்குச் சுட்டெண் ஏறத்தாழ 4 வீதம் விழுந்தது. அந்தப் பயத்தை அளக்கும் விக்ஸ் சுட்டெண்ணோ 17 இலிருந்து 37 க்கு ஒரே நாளில் இரட்டிப்பானது. தளம்பல் ஏறாது என்று பந்தயம் பிடித்திருந்த முதலீட்டு நிதிகள் சில அன்றோடு முடிந்தன.

என்னிடம் ஏற்கெனவே உள்ள பங்குகளின் மீது கோல் விற்பது பாதுகாப்பானதா?

வெங்காயம் கையில் உள்ள தோட்டக்காரரின் நிலை இது. எல்லையற்ற நட்டம் நீங்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் 50 டொலருக்கு வாங்கிய பங்கின் மீது, ஒப்பந்த விலை 55 இல் 1 டொலருக்குக் கோல் விற்றவர், பங்கு 80 க்கு ஏறினால் 56 டொலரோடு நின்றுவிடுகிறார். 30 க்கு விழுந்தால் 19 டொலர் இழக்கிறார். மேலே ஏறும் இலாபத்தை விற்றுவிட்டு, கீழே விழும் இடரை முழுதாக வைத்துக்கொள்வதே இதன் அமைப்பு. ஒப்பந்த விலைக்குரிய முழுக் காசையும் கட்டிவைத்துப் புட் விற்பதும் பங்கை வைத்துக்கொண்டு கோல் விற்பதும் ஒரே ஒப்பந்த விலையிலும் ஒரே திகதியிலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஒன்றை ஆபத்து என்றும் மற்றையதைப் பாதுகாப்பு என்றும் சொல்பவர் இரண்டில் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

நீண்ட காலம் வைத்திருக்க விரும்பும் பங்கின் மீது கோல் விற்கவேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பங்கு உங்களை விட்டுப் போவது அது நன்றாக ஏறிய நாளில்தான்.

முடிவுத் திகதிக்கு முன்பே என்னைப் பங்கைக் கொடுக்கவோ வாங்கவோ சொல்ல முடியுமா?

அமெரிக்கத் தனிப்பங்கு ஒப்ஷன்களில் முடியும். வாங்கியவர் எந்த நாளிலும் தம் உரிமையைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தங்களைத் தீர்த்துவைக்கும் அங்குள்ள தீர்வகம் அந்த ஒப்ஷனை விற்றவர்களைக் கொண்ட தரகு நிறுவனங்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் ஒருவருக்கு அதைச் சுமத்தும். யார் அந்த ஒருவர் என்பது அடுத்த நாள் காலையில்தான் தெரியும். கோல் விற்றவர்கள் குறிப்பாகப் பங்கிலாபத்துக்கு உரித்தாகும் கடைசி நாளிலும் அதற்கு முந்திய இரவுகளிலும் விழிப்பாக இருக்கவேண்டும். ஒப்ஷனில் எஞ்சியிருக்கும் காலப் பெறுமதியைவிட, அதாவது முடிவுத் திகதிவரை மிஞ்சியுள்ள காலத்துக்காக அதன் விலையில் அடங்கிய பகுதியைவிட, பங்கிலாபம் பெரியதாக இருந்தால், வாங்கியவர் பங்கை அந்தக் கடைசி நாளிலேயே கேட்பதுதான் அவருக்கு இலாபம். பங்கு இல்லாமல் விற்றிருந்தவர் அந்தப் பங்கிலாபத்தையும் தம் கையிலிருந்து கட்டவேண்டிவரும்.

தமிழ்நாட்டுக் காணொளிகளில் படித்தவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. இந்தியாவில் தனிப்பங்கு ஒப்ஷன்களை முடிவுத் திகதியில் மட்டுமே பயன்படுத்த முடியும். அங்கே பழகியதை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவரக்கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து செய்வதால் தனியான சிக்கல் ஏதும் உண்டா?

நேரம் முதலாவது சிக்கல். நியூயோர்க் சந்தை நமது நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்குத் திறந்து அதிகாலை 1.30 க்கு மூடுகிறது; குளிர்காலத்தில் இரவு 8 மணி முதல் அதிகாலை 2.30 வரை. நிறுவனங்கள் காலாண்டுப் பெறுபேறுகளைப் பெரும்பாலும் சந்தை மூடிய பிறகோ திறப்பதற்கு முன்போ வெளியிடுகின்றன. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு 11 மணிக்குப் படுப்பவருக்கு இது பொருந்தாத வியாபாரம். பெறுபேறு வரும் நாளைப் பார்க்காமல் ஒருமுறை நான் புட் விற்றேன். விடிய எழுந்து கைபேசியைத் திறந்தபோது ஒன்பது மாதப் பிறிமியம் போயிருந்தது. தவறு யாருடையதும் அன்று, நாட்காட்டியைப் பார்க்காத என்னுடையது.

நாணயம் இரண்டாவது சிக்கல். கடப்பாடு டொலரில் இருக்கிறது. சேமிப்பு ரூபாயில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. 4,500 டொலர்க் கடப்பாடு ஒன்று அந்த இரண்டு மாதத்தில் 9 இலட்சத்திலிருந்து 16 இலட்சத்துக்கு மேல் போயிருக்கும். பங்கு ஒரு சதமும் அசையாமல். அக்காலத்தில் டொலரை எந்த விலைக்கும் வங்கியில் பெறுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை. மாஜின் அறிவித்தல் அந்தச் சிரமத்தைப் பொருட்படுத்தாது.

கொழும்பு பங்குச் சந்தையில் இதைச் செய்ய முடியாதா? வெளிநாட்டில் செய்வது சட்டப்படி சரியா?

கொழும்பு பங்குச் சந்தையில் தனிப்பங்குகளின் மீதான ஒப்ஷன் வர்த்தகம் நடைபெறுவதில்லை. வெளிநாட்டு முதலீட்டுக்காகப் பணம் அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கும் அதன் கீழ் காலத்துக்குக் காலம் வரும் ஒழுங்குவிதிகளுக்கும் உட்பட்டது. எவ்வளவு, எந்தக் கணக்கினூடாக என்பவை மாறிக்கொண்டிருப்பவை. பணம் அனுப்ப முன்னர் உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடனட்டையால் கட்டிவிடலாம் என்று இணையத்தில் யாரோ சொல்வதை நம்பவேண்டாம்.

கனடாவில் உள்ள மச்சானின் கணக்கில், என் பணத்தில் செய்யலாமா?

கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரே தரகருக்குப் பொறுப்பு. மாஜின் பற்றாக்குறை ஏற்பட்டால் கடன்காரர் மச்சான். வரித் திணைக்களத்துக்கு விளக்கம் சொல்லவேண்டியவரும் அவர். தம் கணக்கை வேறொருவர் இயக்க விடுவதைத் தரகர்கள் எழுத்து மூலமான அதிகாரம் இல்லாமல் பொதுவாக ஏற்பதில்லை. நீங்கள் அனுப்பியது 3,000 டொலராக இருக்கலாம். இல்லாமற்போவது அவருடைய 20,000 டொலராக இருக்கலாம். ஒப்ஷன் வாங்கினால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கடுமையாக விடை சொல்லியிருக்க மாட்டேன். விற்பதில் போட்ட முதலுக்கு மேலும் நட்டம் வரக்கூடும் என்பதால்தான் சொல்கிறேன். குடும்பங்களுக்குள் காணிப் பிரச்சினைகள் போதும்.

நகையை அடகு வைத்தோ சீட்டை எடுத்தோ முதல் போடலாமா?

கூடாது. அடகு வட்டி மாதாமாதம் நிச்சயமாக ஏறும்; பிறிமியம் அப்படி நிச்சயமானதன்று.

நட்டம் ஓர் எல்லையைத் தாண்டாமல் ஸ்டொப் லொஸ் போட்டுவிட்டால் போதாதா?

ஸ்டொப் லொஸ் என்பது, விலை குறித்த அளவைத் தொட்டதும் தானாகவே வெளியேறும்படி தரகருக்கு முன்கூட்டிக் கொடுக்கும் கட்டளை. சந்தை திறந்திருந்து, விலை படிப்படியாக இறங்கினால் அது ஓரளவு வேலை செய்யும். 50 டொலரில் மூடிய பங்கு, இரவில் வந்த செய்தியால் அடுத்த நாள் 36 டொலரில் திறந்தால், இடையில் உள்ள விலைகள் எதிலும் வியாபாரமே நடக்கவில்லை; உங்கள் கட்டளை 36 டொலருக்கு உரிய ஒப்ஷன் விலையில்தான் நிறைவேறும். அதிலும், தனிப்பங்கு ஒப்ஷன்கள் பலவற்றில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. பதற்றமான நாளில் அது இன்னும் அகலும். பங்கு உண்மையில் அசையாமலே, அந்த இடைவெளியால் மட்டும் ஸ்டொப் லொஸ் இயங்கி நட்டத்தில் வெளியேறியவர்களும் உண்டு.

இன்னொரு ஒப்ஷனை வாங்கி நட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறை எப்படி?

ஒப்பந்த விலை 45 இல் ஒரு புட்டை விற்று, 40 இல் இன்னொரு புட்டை வாங்கினால் ஆகக்கூடிய நட்டம் 500 டொலரிலிருந்து நிகரப் பிறிமியத்தைக் கழித்த தொகை. நிகரமாக 60 டொலர் கிடைத்திருந்தால் 440 டொலர். விற்றுத்தான் தீரவேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனெனில் ஆகக் கெட்ட நாளின் எண் முன்கூட்டியே தாளில் இருக்கிறது. 60 டொலருக்காக 440 டொலரை வைக்கிறோம் என்பதும் அதே தாளில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் முடிவுத் திகதியில் ஒரு பொறி உண்டு. பங்கு 42 டொலரில் முடிந்தால், நீங்கள் விற்ற 45 உயிரோடு இருக்கும். வாங்கிய 40 மதிப்பின்றி இறந்துவிடும். சனிக்கிழமை காலையில் உங்கள் கணக்கில் 100 பங்குகளும் 4,500 டொலர்ச் செலவும் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. திங்கட்கிழமை அந்தப் பங்கு எங்கே திறக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அத்துடன், வாங்கியவர் தம் முடிவை வெள்ளிக்கிழமை சந்தை மூடிய பின்னரும் நியூயோர்க் நேரம் மாலை 5.30 வரை தெரிவிக்கலாம். நமக்கு அது சனி அதிகாலை 3 அல்லது 4 மணி. ஆகவே விற்றதை முடிவு நாள்வரை வைத்திருக்காமல், சில டொலரை விட்டுக்கொடுத்தாவது முன்னரே திருப்பி வாங்கிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களே இதில் வீழ்ந்திருக்கின்றனவா?

இலண்டனின் பழைய வங்கியான பேரிங்ஸ் 1995 பெப்ரவரியில் வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் அலுவலக வியாபாரி நிக் லீசன், ஜப்பானின் நிக்கே சுட்டெண் அதிகம் அசையாது என்ற நம்பிக்கையில் கோல், புட் இரண்டையும் சேர்த்து விற்று வந்தார். ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கம் வந்தது, சுட்டெண் விழுந்தது. அந்த நட்டத்தை மீட்பதற்காக அவர், பின்னொரு திகதியில் இன்ன விலைக்கு என்று இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எதிர்கால ஒப்பந்தங்களை மேலும் மேலும் வாங்கி, நட்டத்தை 827 மில்லியன் பவுணுக்குக் கொண்டுபோனார். நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. அந்த வங்கியை 1 பவுணுக்கு வாங்கியது. மறைத்து வைத்த கணக்கு, மேற்பார்வை இன்மை என்று அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. நான் கவனிப்பது நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் செய்ததை: விற்ற ஒப்ஷன் எதிராகத் திரும்பியபோது பந்தயத்தைப் பெருக்கியதை. அதைச் சிறிய கணக்குகளிலும் காண்கிறோம்.

இந்தியாவில் தனிநபர்கள் இதில் எப்படிச் செய்திருக்கிறார்கள்?

இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்துநரான செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் பங்கு எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஒப்ஷன்களிலும் ஈடுபட்ட தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டமடைந்தனர். அவர்களின் மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாய்க்கு மேல். இதில் வாங்கியவர்களும் விற்றவர்களும் அடங்குவர் என்பதால், விற்பவர்களை மட்டும் பற்றிய முடிவாக இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. விற்றவர்களுக்கு 2024 ஜூன் 4 ஆம் திகதி போதிய எடுத்துக்காட்டு: இந்தியத் தேர்தல் முடிவுகள் வந்த அன்று, அங்குள்ள முக்கிய பங்குச் சுட்டெண்ணான நிஃப்டி ஏறத்தாழ 6 வீதம் விழுந்தது, முதல் நாள் அது ஏறியிருந்தது.

கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பங்கு ஒப்ஷன் தந்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

அல்ல. அதில் உரிமை உங்களுடையது; கடப்பாடு நிறுவனத்துடையது. இந்தப் பக்கத்தில் சொன்ன இடர் எதுவும் உங்களுக்கு இல்லை. வரி பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டேன், விலை எதிராகப் போகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இன்று திருப்பி வாங்கினால் நட்டம் எவ்வளவு, பங்கு இன்னும் 20 வீதம் உங்களுக்கு எதிராக அசைந்தால் எவ்வளவு, அந்த இரண்டாவது தொகை இப்போது உங்கள் கையில் இருக்கிறதா. மூன்றாவதற்கு இல்லை என்பது விடையானால், இன்றைக்கே திருப்பி வாங்குங்கள், அல்லது தாங்கக்கூடிய எண்ணிக்கைக்குக் குறையுங்கள். கையில் பங்கு இல்லாமல் விற்ற கோல் என்றால் மற்றக் கணக்கு எதையும் பார்க்கும் முன்னர் அதை மூடுங்கள்.

திகதியைத் தள்ளிப்போடலாம் என்று உங்களுக்கு யோசனை சொல்வார்கள்: இந்த மாத ஒப்ஷனை நட்டத்தில் திருப்பி வாங்கி, அடுத்த மாதத்துக்குரியதை விற்பது. காசைக் கட்டிவைத்து விற்றவர், அந்தப் பங்கை உண்மையிலேயே அந்த விலைக்கு வாங்க விரும்பினால் அதைச் செய்யலாம். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் மட்டுமே தள்ளிப்போடுவதற்குப் பணம் சரிவரும் என்ற நிலை வந்தால், அங்கே தள்ளப்படுவது திகதி மட்டுமன்று. புட் விற்றுப் பங்கு உங்கள் தலையில் விழுந்து, அதற்குரிய முழுப் பணமும் உங்களிடம் இருந்தால் பதறவேண்டியதில்லை. அந்தப் பங்கை இன்று புதிதாக வாங்குவீர்களா என்று கேட்டு, வாங்குவீர்கள் என்றால் வைத்திருங்கள், இல்லையென்றால் அடுத்துச் சந்தை திறந்ததும் விற்றுவிடுங்கள்.